உன் பேர்ல இருக்கற கனெக்‌ஷன்

பிப்ரவரி 9

சின்னுவுக்கு,

அக்கா எழுதறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடாதே, உள்ள உன் சாமான் இருக்கு. உன் பேருக்கு வந்த மூணு கவரை இதோட அனுப்பறேன். மூணும் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு. வெளிச்சத்துல தூக்கிக்கூடப் பார்க்கல. சந்தேகமா இருந்தா ஓரத்தைத் தடவிப் பாரு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஹால்ல நின்னு நீ என்ன கத்தின? "இனிமே என் பேருக்கு வர்ற எதையும் நீ தொடக்கூடாது." எதிர்வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்துச்சு. உன் வேலைக்கான லெட்டரை நான் பிரிச்சது தப்பு. பிரிச்சுட்டு ஒன்பது நாள் மறைச்சு வெச்சது அதைவிடத் தப்பு. அப்பாவை அப்பதான் ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்திருந்தோம், நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயம். அதைச் சொல்லி இப்ப மன்னிப்புக் கேட்கலை. தொடாதேன்னு சொன்ன, தொடல. அவ்வளவுதான்.

முதல் கவர் டிசம்பர் ஆரம்பத்துல வந்துச்சு. ஃப்ரிட்ஜ் மேல வெச்சேன். நீ எப்பவாவது வருவ, எடுத்துப்பன்னு நினைச்சேன். அப்புறம் ரெண்டாவது, மூணாவது. நேத்து ஒரு ஆள் வாசல்ல வந்து நின்னு உன்னைக் கேட்டான். இங்க இல்லன்னேன். "இந்த விலாசத்துல இன்டர்நெட் கனெக்‌ஷன் அவங்க பேர்லதானே இருக்கு?"ன்னு கேட்டான். ஆமான்னேன். ஒரு காகிதத்தைக் கதவுல ஒட்டிட்டுப் போயிட்டான். அதையும் உரிச்சு உள்ள வெச்சிருக்கேன். அது கவர் இல்ல, திறந்த காகிதம், அதனால கண்ணுல பட்டுடுச்சு. "கோர்ட்" அப்படிங்கற ஒரு வார்த்தைதான் படிச்சேன். அதுக்கு மேல படிக்க எனக்கு தைரியம் வரலை.

உன் நம்பருக்குப் போட்டா அடிக்கவே மாட்டேங்குது. என்னை இன்னும் பிளாக்ல வெச்சிருக்க போல. அதனாலதான் காகிதம். நான் வேலை பார்க்கற குழந்தைகள் காப்பகத்துல எல்லாம் தூங்கற நேரத்துல எழுதறேன், ஒண்ணு இப்பவே முழிச்சுக்கிட்டு என் செருப்பைக் கடிக்குது.

அப்பா நல்லா இருக்காரு. நீ கேட்கல, ஆனாலும் சொல்றேன்.

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

கவர் வந்துச்சு. நாலையும் படிச்சேன்.

டிசம்பர்ல வந்ததை இப்ப அனுப்பற. உன்மேல கோபப்படக்கூட எனக்கு வாய் இல்ல, நான் சொன்னதைத்தான் நீ செஞ்சிருக்க. ஆனா ஒரு போன் பண்ணி, சரி, பிளாக் பண்ணது நான். ஆபீசுக்குப் போன் பண்ணி... விடு.

சுருக்கமா சொல்றேன். நம்ம வீட்டு கனெக்‌ஷன்லேருந்து யாரோ ஒரு புதுப் படத்தைத் திருட்டுத்தனமா இறக்கியிருக்காங்க. இறக்கினது மட்டும் இல்ல, மத்தவங்களுக்குக் கொடுத்துட்டும் இருந்திருக்காங்க. படக் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கு. முதல் கவர் கிடைச்ச இருபத்தொரு நாளுக்குள்ள, "தெரியாம நடந்துடுச்சு, இனிமே நடக்காது"ன்னு ஒரு கையெழுத்து போட்டு அனுப்பியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். அந்தக் கதவு மூடிடுச்சு. இப்ப கேஸ். யார் செஞ்சதுன்னு சொல்லணும், சொல்லலைன்னா கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் செஞ்சதா எடுத்துப்பாங்க. அதாவது நான்.

"வீட்டுக்குள்ள உட்கார்ந்து பார்க்கறது அவனுங்களுக்கு எப்படித் தெரியும்"னு நீ கேட்ப. பெரிய மந்திரம் எதுவும் இல்ல. அந்த மாதிரிப் படம் ஒரு இடத்துல மொத்தமா இருக்காது. ஆயிரம் துண்டா உடைஞ்சு ஊர் ஊரா பல வீட்டுக் கம்ப்யூட்டர்ல கிடக்கும். ஒரு துண்டை வாங்கறவன் தன்கிட்ட இருக்கற துண்டை இன்னொருத்தனுக்குக் கொடுப்பான். யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சாதானே வாங்க முடியும்? அதனால ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் இன்டர்நெட் நம்பரைச் சொல்லி, "என்கிட்ட இருக்கு"ன்னு கையைத் தூக்கிக்கிட்டே இருக்கும். பிடிக்கறவங்க செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். தானும் வாங்க வந்த ஆள் மாதிரி அந்தக் கூட்டத்துக்குள்ள போய் நிப்பாங்க. யார் யார் கையைத் தூக்கறாங்கன்னு நம்பரையும் மணி, நிமிஷம், நொடியையும் குறிச்சுப்பாங்க. ஒரு துண்டை வாங்கி ஆதாரமா வெச்சுப்பாங்க. அப்புறம் கோர்ட்ல கேட்டு, அந்த நொடியில அந்த நம்பர் யார் வீட்டுதுன்னு கனெக்‌ஷன் கொடுக்கற கம்பெனிகிட்ட பேரை வாங்கிடுவாங்க.

இதெல்லாம் எனக்கு எப்படி இவ்வளவு நல்லாத் தெரியும்னு உனக்குத் தெரியும். இப்படிப் பிடிக்கறதுதான் என் வேலையே.

யாருக்கு நம்ம பாஸ்வேர்டு கொடுத்த? காப்பகத்துல கூட வேலை பார்க்கறவங்க யாராவது வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாங்களா? மாடியில குடியிருக்கறவங்களா? உண்மையைச் சொல்லு. கோபப்பட மாட்டேன்.

நோட்டீஸோட கடைசிப் பக்கத்தைப் பத்தி அப்புறம் எழுதறேன். பதிலைக் காகிதத்துலயே எழுது. எங்க ஆபீஸ்ல எங்க போனையும் மெயிலையும் எப்ப வேணா பார்ப்பாங்க.

சின்னு


பிப்ரவரி 19

சின்னு,

கோபப்பட மாட்டியாம். என்ன பெரிய மனசு!

பாஸ்வேர்டு எனக்கே தெரியாது. பச்சைத் துண்டுச் சீட்டுல எழுதி எங்கயோ வெச்சுட்டு நீ போயிட்ட. என் போன்ல நெட்டு நான் தனியாப் போட்டுக்கறேன். மாடியில குடியிருந்தவங்க காலி பண்ணிட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சு. இந்த வீட்டுல கம்ப்யூட்டரைத் தொடற ஆள் ஒருத்தர்தான். உனக்கே தெரிஞ்சிருக்கணும்.

நீ கிளம்பற வாரம் அப்பா பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மூணு நாள் என்ன சொல்லிக் கொடுத்த? "இங்க படத்தோட பேரை அடிங்கப்பா, இந்த அம்புக்குறியைத் தட்டுங்கப்பா, காத்திருங்கப்பா, வந்துடும்." வலது கை போச்சு, பேச்சு போச்சு, "ம்" தவிர ஒண்ணும் வராது, ஆனா இடது கை ஒத்தை விரலால அதை மட்டும் பிடிச்சுக்கிட்டாரு. நானும் சந்தோஷப்பட்டேன். மூத்த பொண்ணு குளிப்பாட்டி விடறா, சின்னப் பொண்ணு படம் பார்க்கக் கத்துக் கொடுத்தாள்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். வாயில போட்டுக்கணும்.

கைகால் பயிற்சி கொடுக்க வர்ற பிசியோகாரரோ வேற யாராவதோ ஒரு படத்தோட பேரைச் சொன்னா போதும், அன்னைக்கே தட்டிடுவாரு. அரை மணி நேரம் பார்ப்பாரு, சண்டை வர்ற வரைக்கும். அப்புறம் அடுத்தது. கம்ப்யூட்டரை அணைக்கவே விடமாட்டாரு. துறைமுகத்துல கிரேன்ல உட்கார்ந்து முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த மனுஷன். அடுத்த ஷிப்ட் ஆள் ஏறி மேல வர்ற வரைக்கும் இன்ஜினை நிறுத்தினதே இல்ல, அந்தப் பழக்கம். நான் துடைக்கறப்ப தெரியாம ஒயர் கழண்டா முறைப்பாரு பாரு, சின்ன வயசுல நம்ம ரெண்டு பேரும் பயந்த அதே முறைப்பு.

உன் லெட்டரைப் படிச்சதும் நேரா போய் சுவிட்சை அணைச்சேன். அப்பா முதல்ல கையை ஆட்டினாரு. அப்புறம் தட்டை எடுத்துச் சுவத்துல அடிச்சாரு. அப்புறம் அழுதாரு சின்னு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் குழந்தை மாதிரி அழுதாரு. என்னால தாங்க முடியல. திரும்பப் போட்டுட்டேன்.

இப்ப சொல்லு, யாருன்னு கோர்ட்ல சொல்லப்போற?

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இது நாலாவது.

நோட்டீஸோட கடைசிப் பக்கத்துல ஒரு சத்தியப் பத்திரம் இருக்கு. "இந்த நம்பர்கள் படத்தைக் கொடுத்ததை நானே பார்த்தேன், கிடைத்த துண்டை நானே ஓட்டிப் பார்த்துச் சரிபார்த்தேன், இது உண்மை"ன்னு ஒருத்தங்க சத்தியம் பண்ணியிருக்காங்க. கீழ இருக்கற கையெழுத்து என்னோடது.

நோட்டீஸ் போனது என் பேருக்கு. சாட்சியும் நான். நானூத்திப் பன்னெண்டு வீட்டுக்கு அச்சடிச்சு அனுப்பற இடத்துல இதை யாரும் கவனிக்கல. நம்பர் மட்டும்தான் எங்க கண்ணுல படும். பேர் வக்கீல் ஆபீசுக்குப் போகும், எங்களுக்கு வராது.

இன்னும் இருக்கு. எங்க லிஸ்ட்ல ஒரு நம்பர் இருந்துச்சு. மத்தவங்க எல்லாம் வருவாங்க, எடுப்பாங்க, மூடிட்டுப் போயிடுவாங்க. மோடத்தை அணைச்சுப் போட்டா பலருக்கு நம்பரும் மாறிடும், அடுத்த நாள் அது வேற ஆள் மாதிரித்தான் தெரியும். இந்த ஒரு நம்பர் மாறவே இல்ல. காலைல பார்த்தாலும் இருக்கும், சாயங்காலம் பார்த்தாலும் இருக்கும், ஏழு மாசம். கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்துக்கிட்டே இருக்கும். நாங்க அதுக்கு "வாட்ச்மேன்"னு பேர் வெச்சிருந்தோம். எவனாவது லேட்டா வந்தா, "வாட்ச்மேனைப் பார்த்துக் கத்துக்கோடா"ன்னு கிண்டல் பண்ணுவோம். நம்பருக்குப் பக்கத்துல ஊர் பேர் வரும். நம்ம ஊர்தான். "எங்க ஊர்க்காரன்யா, வேலையில கெட்டி"ன்னு நானே சொல்லிச் சிரிச்சிருக்கேன். நம்ம ஊர்ல எத்தனை லட்சம் வீடு இருக்கு அக்கா, எனக்கு எப்படித் தோணும்?

முதல்ல யார்மேல கேஸ் போடலாம்னு ஒரு லிஸ்ட் கேட்டாங்க. நிறைய கொடுத்தவங்களா பார்த்து எடுக்கச் சொன்னாங்க. நான்தான் எடுத்தேன். முதல் வரியிலயே வாட்ச்மேனைப் போட்டேன்.

நேத்து எங்க சூப்பர்வைசர்கிட்ட சும்மா கேட்கற மாதிரி கேட்டேன், "லிஸ்ட்ல ஒரு வரி தப்பா இருந்தா எடுக்கலாமா?" எடுக்க முடியாதாம். மொத்த லிஸ்டுக்கும் சேர்த்து ஒரு முத்திரை நம்பர் போடுவோம், ஒரு எழுத்து மாறினாலும் அது பொருந்தாது. யாரும் திருத்தலைன்னு கோர்ட் நம்பறதுக்காக அப்படி. அந்த முத்திரையைப் போடறதும் என் வேலைதான். எனக்கு நானே பூட்டுப் போட்டு சாவியை விழுங்கிட்டேன்.

நான்தான்னு சொன்னா வேலை போகும், "சாட்சியே திருடி"ன்னு எந்த ஆபீசும் என்னை எடுக்காது. அப்பான்னு சொன்னா அவரைக் கூண்டுல நிறுத்துவாங்க. ரெண்டும் எழுதவே கை வரல. நீ எதுவும் பண்ணாதே. யார்கிட்டயும் பேசாதே. யோசிக்கறேன்.

சின்னு


மார்ச் 2

சின்னு,

உன் லெட்டரைப் படிச்சுட்டு அரை நாள் உன்னை வாய் ஓயாம திட்டினேன். காப்பகத்துக் குழந்தைங்க எல்லாம் என்னையே பார்த்துச்சு. கூட இருக்கறவ, "என்னக்கா தனியா பேசறீங்க"ன்னு கேட்டா. என் தங்கச்சி எங்கப்பாவைப் பிடிச்சுக் கொடுத்துட்டாள்னு சொல்லவா முடியும்?

வாட்ச்மேனாம். அந்த மனுஷனுக்கு நீங்க அங்க உட்கார்ந்து பேர் வெச்சுச் சிரிச்சிருக்கீங்க. அவர் இங்க உட்கார்ந்து, நீ சொல்லிக் கொடுத்ததை மறக்காம தட்டிக்கிட்டு இருந்திருக்காரு.

சரி, திட்டி முடிச்சாச்சு. நான் ஒரு முடிவு எடுத்துட்டேன், குறுக்கப் பேசாதே. நான்தான் செஞ்சேன்னு சொல்லிடறேன். வீட்டுல இருக்கறவ நான். நோட்டீஸை வாங்கி வெச்சுக்கிட்டதும் நான். என்னைத்தான் நம்புவாங்க. காப்பகத்துல வருஷா வருஷம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பாங்க, போலீஸ்ல கொடுக்கற காகிதம். கேஸ் இருந்தா கொடுக்க மாட்டாங்க. ஜூன்ல எனக்குப் புதுப்பிக்கணும். அது என் கவலை. எங்கயாவது துணிக்கடையில மடிச்சு வைக்கற வேலை கிடைக்காமலா போயிடும்?

எனக்கும் அந்தக் குழந்தைங்களை விட்டா வேற யாரும் இல்ல, அது வேற விஷயம். எழுதிட்டேன், இனிமே அடிச்சுத் திருத்த மாட்டேன்.

நாளைக்கு லீவு போட்டுட்டு நோட்டீஸ் விட்ட அந்த வக்கீல் ஆபீசுக்குப் போறேன்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்க என்னால முடியல. இன்னிக்குக் காலைல நோட்டீஸ் விட்ட வக்கீலோட இங்க இருக்கற கிளை ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துட்டேன். "கனெக்‌ஷன் என்னுடையது, அந்த மென்பொருளைப் போட்டது நான், இங்கிருந்தபடியே வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்கிப் படத்தை இறக்கினதும் நான்." கடைசி வரி பொய். மத்த ரெண்டும் நிஜம்தானே. ரெண்டு நிஜத்துக்கு நடுவுல ஒரு பொய் நின்னுடும்னு நினைக்கறேன்.

எழுதறப்ப ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. வெளியில வந்து, என் பஸ் மூணு போனதைக்கூடக் கவனிக்காம ஸ்டாப்ல நின்னுக்கிட்டிருந்தேன்.

நீ ஒண்ணும் பண்ணிடாதே. யாராவது கேட்டா "எனக்கு எதுவும் தெரியாது, தங்கச்சிதான்"னு சொல்லு. அப்பாகிட்டேருந்து கம்ப்யூட்டரை எடுக்காதே.

உன்னை அன்பிளாக் பண்ணிட்டேன். ஆனா போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டா ஆபீஸ்லயே உடைஞ்சுடுவேன்.

சின்னு


மார்ச் 8

அடியே,

உன் லெட்டர் நேத்துதான் வந்துச்சு. நான் மூணாம் தேதி பதினோரு மணிக்கே கையெழுத்துப் போட்டாச்சு!

நான் போனப்ப அங்க ஒரு சின்ன வக்கீலம்மா இருந்தாங்க. மரியாதையா உட்காரச் சொன்னாங்க. "எந்த மென்பொருள்ல இறக்கினீங்க?"ன்னாங்க. "பச்சை அம்பு இருக்குமே, அது"ன்னேன். "படம் எப்படி இருந்துச்சு?"ன்னாங்க. "நல்லா இருந்துச்சு, குடும்பத்தோட பார்க்கலாம்"னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. படம் முழுக்கக் கழுத்தை அறுக்கறதுதானாமே, எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் எழுதி வாங்கிக்கிட்டாங்க.

இன்னிக்குப் போன் பண்ணாங்க. உன் காகிதமும் என் காகிதமும் ஒரே ஃபைல்ல போய் விழுந்திருக்கு. ஒரே படம், ஒரே நொடி, ரெண்டு பேர் நான்தான் நான்தான்னு சொல்றாங்க. "ரெண்டுல ஒண்ணு பொய், இல்லேன்னா ரெண்டுமே பொய். யாரையோ காப்பாத்தறீங்க. வீட்டுல வேற யார் இருக்காங்க?"ன்னு கேட்டாங்க. நான் பேச்சை மாத்தப் பார்த்தேன். ஆனா ரேஷன் அட்டையிலயே இருக்கே மூணாவது பேரு.

கோர்ட்லேருந்து ஒரு ஆளை வீட்டுக்கே அனுப்பி விசாரிக்கப் போறாங்களாம். கம்ப்யூட்டரையும் பார்ப்பாங்களாம். பதினெட்டாம் தேதி.

வாழ்க்கையில முதல் தடவையா நாம ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைச்சிருக்கோம் சின்னு. அதுலயும் விளங்காமப் போச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என்ன பண்ணணும்னு சொல்லு, அப்படியே பண்றேன்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

என்னை வேலையிலேருந்து நிறுத்தி வெச்சிருக்காங்க. அடையாள அட்டையை வாங்கிக்கிட்டாங்க, மேஜையைக் காலி பண்ண ஒருத்தன் பக்கத்துலயே நின்னான். "விசாரணை முடியற வரைக்கும்"னு சொல்றாங்க. நான் அப்பாவோட கம்ப்யூட்டர்ல அந்த மென்பொருளைப் போட்டது உறுதியானா திரும்ப எடுக்க மாட்டாங்க. அதோட விட மாட்டாங்க, தெரிஞ்சே பொய் சாட்சி சொன்னேன்னு என்மேல தனி கேஸ் போடுவாங்க. ஜெயில்கூட இருக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. அதனால என் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டேன். பயந்து எழுதினேன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லிடு.

இங்க ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஒரே ஒரு வழி இருக்குங்கறாரு. யாரும் வேணும்னே செய்யல, பழைய கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே கிடந்த ஒரு மென்பொருள், உடம்பு முடியாத, புத்தி தெளிவில்லாத ஒருத்தர் எதையோ தட்டினதால தானா ஓடியிருக்கு. விசாரிக்க வர்ற ஆள் அப்படி எழுதிட்டா கேஸ் அங்கயே நின்னுடும். உனக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்ல, அப்பாவை யாரும் கூப்பிட மாட்டாங்க.

அதுக்கு நீ சொல்லணும். அப்பாவுக்கு எதுவும் புரியாது, நினைவு இல்ல, திரையைச் சும்மா வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார், கம்ப்யூட்டரை இயக்கத் தெரியாதுன்னு. ஆஸ்பத்திரி காகிதம் எல்லாம் எடுத்து வெச்சுக்கோ. அந்த ஆள் அப்பாவை நேர்ல பார்க்கணும்பாரு. அப்ப நீ அப்பாவை வெச்சுக்கிட்டே சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த ரூமுக்குத் தள்ளிட்டுப் போய்ச் சொன்னா சந்தேகம் வரும்.

முடியுமா அக்கா? நான் வந்து சொல்லலாம்னா என்னை அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. எல்லாத்தையும் உன் தலையில கட்டறேன். அன்னைக்கும் அப்பாவை உன் தலையில கட்டிட்டுத்தான் போனேன்.

சின்னு


மார்ச் 19

சின்னு,

நீ சொன்னபடி முந்தாநாளே என் காகிதத்தைத் திரும்ப வாங்கிட்டேன். நேத்து நடந்ததை நடந்தபடியே எழுதறேன். என்னைத் திட்டறதா இருந்தா கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டு.

கோர்ட் ஆள் பத்தரை மணிக்கு வந்தாரு. வயசான ஆள், மூக்குக்கண்ணாடி, கையில பழைய தோல் பை. அதட்டல் மிரட்டல் எதுவும் இல்ல. ஷூவை வெளிய கழட்டிட்டு வந்தாரு. அப்படிப்பட்ட ஆள் வரக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன். கத்தற ஆளா இருந்தா எனக்குப் பொய் சுலபமா வந்திருக்கும்.

அப்பாவுக்குக் காலைலயே ஷேவ் பண்ணி விட்டிருந்தேன். நல்ல சட்டை போடல, பழைய கசங்கின சட்டையா பார்த்துப் போட்டேன். ஒண்ணும் தெரியாதவர் மாதிரி தெரியட்டும்னு. சட்டையைப் பார்த்ததும் அவரு முகம் சுளிச்சாரு. விருந்தாளி வர்றப்ப இதா போடறதுன்னு.

அந்த ஆள் எதிர்ல உட்கார்ந்து ஆஸ்பத்திரி காகிதம் எல்லாம் ஒவ்வொண்ணாப் படிச்சாரு. அப்புறம் என்னைக் கேட்டாரு, "இவருக்குச் சுத்தி நடக்கறது புரியுமாம்மா?"

நான் சொன்னேன். "புரியாது சார்."

"கம்ப்யூட்டர்?"

"அது சும்மா ஓடிக்கிட்டு இருக்கும் சார். வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. இவருக்கு ஒண்ணும் தெரியாது. பொம்மை மாதிரிதான்."

பொம்மைன்னு சொல்லணும்னு நான் நினைக்கல. வாயில வந்துடுச்சு. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாரு. முறைக்கல சின்னு. முறைச்சிருந்தா பரவாயில்ல. தினமும் குளிப்பாட்டறேன், ஊட்டி விடறேன், ராத்திரி புரட்டிப் படுக்க வைக்கறேன், அப்ப எல்லாம் நான் அவரைப் பத்தி மனசுக்குள்ள இதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேனான்னு கேட்கற மாதிரி பார்த்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அந்த ஆள் எழுத ஆரம்பிச்சுட்டாரு. நான் தலைகீழாப் பார்த்துப் படிச்சேன். "முதியவர் சுயநினைவு..." வரைக்கும் வந்துட்டாரு. இன்னும் ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதியிருந்தா கிளம்பியிருப்பாரு.

அப்பா இடது கையாலயும் இடது காலாலயும் சக்கர நாற்காலியைத் தள்ளினாரு. நாற்காலி நகர்ந்து மேஜைக்கிட்ட போச்சு. "அப்பா, வேணாம்"னு நான் எழுந்தேன். அந்த ஆள், "இருங்கம்மா"ன்னாரு. பேனாவை நிறுத்திட்டாரு.

ஒத்தை விரலால தட்டித் தட்டி ஒரு படத்தோட பேரை அடிச்சாரு. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல, என் வாழ்நாள்லயே அவ்வளவு மெதுவா ஒண்ணும் நடந்ததில்ல. ஒரு எழுத்து தப்பாப் போச்சு, அழிச்சுட்டுத் திரும்ப அடிச்சாரு. வந்த லிஸ்டுல மேல இருக்கறதை எடுக்கல. கீழ இறக்கிப் பார்த்து, எது நல்ல பிரிண்ட்டுன்னு தேடி எடுத்தாரு. அம்புக்குறியைத் தட்டினாரு. ஒரு கோடு பச்சையா நிரம்ப ஆரம்பிச்சுச்சு. அப்புறம் நாற்காலியைத் திருப்பி, அந்த ஆளைப் பார்த்து, "ம்!" அப்படின்னாரு. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு.

அந்த ஆள் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. என்னை ஒரு வார்த்தை கேட்கல. நான் பொய் சொன்னேன்னு முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும். எழுதின வரியை அடிச்சுட்டு, அப்பாகிட்ட குனிஞ்சு, நிஜமான மரியாதையோட கேட்டாரு, "ரொம்ப நல்லாப் பண்றீங்கய்யா. இந்த உடம்போட இதைக் கத்துக்கறது சாமானியம் இல்ல. யாருங்கய்யா சொல்லிக் கொடுத்தாங்க?"

நான் குறுக்க விழுந்தேன். "யாரும் இல்ல சார், பிசியோகாரர் சார், தானா கத்துக்கிட்டாரு சார்"னு மூணு பொய்யை ஒரே மூச்சுல சொன்னேன். அப்பா எனக்குக் கையைக் காட்டினாரு, சும்மா இருன்னு. ரெண்டு வருஷத்துல அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல சின்னு. வர்ற டாக்டர்கூட என்னைத்தான் கேட்பாரு. இந்த ஆள்தான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாரு.

புத்தக அலமாரி மேல நீ பட்டம் வாங்கின போட்டோ இருக்கே, அந்தக் கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு. அப்பா அந்த விரலைத் தூக்கி உன்னைக் காட்டினாரு. அப்புறம் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாரு, என் பொண்ணுன்னு. அந்த ஆள் பார்த்துட்டாரான்னு சந்தேகம் வந்து திரும்பவும் காட்டினாரு.

அந்த ஆள் எழுந்து போய் போட்டோவைக் கிட்ட நின்னு பார்த்துட்டு வந்து உட்கார்ந்து எழுதினாரு. நான் படிக்கல.

அக்கா